சார்ஜிங் இடத்துக்கு எந்த ரப்பர் மேட்?

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரமில்லாமல் விட்டுப்போன சில விவரங்களையும் சேர்த்திருக்கிறேன்.)



நம் குடியிருப்பில் மின்பொறியாளர்கள் நான்கைந்து பேர் இருக்கும்போது, பி.காம். படித்து வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவன் ரப்பர் மேட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே என்று சிலருக்குத் தோன்றலாம். நியாயம்தான். கமிட்டி என் கையில் கொடுத்தது ஒரு கொட்டேஷன். கொட்டேஷனைச் சரிபார்ப்பது எனக்குத் தெரிந்த வேலை. அதைச் சரிபார்க்கப் போய் விதிமுறைகளைப் படிக்க வேண்டியதாயிற்று, நம் எலக்ட்ரீஷியனோடு நாலு சாயங்காலம் பேஸ்மென்ட்டில் சுற்ற வேண்டியதாயிற்று, அந்த நான்கைந்து பொறியாளர்களின் கதவையும் தட்ட வேண்டியதாயிற்று. அவர்கள் சொன்னதை எல்லோருக்கும் புரிகிற மாதிரி சொல்வதுதான் இன்று என் வேலை.

முதலில் கொட்டேஷன். மின்வாகனங்களுக்காக ஒதுக்கிய 14 கார் நிறுத்துமிடங்களையும் முழுக்க ரப்பர் தளமாக்கித் தருகிறோம் என்கிறார்கள். ஒரு இடம் இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர், ஆக 12.5 சதுர மீட்டர். பதினான்கு இடத்துக்கு 175 சதுர மீட்டர். பழைய டயரை அரைத்துச் செய்த, 12 மில்லிமீட்டர் தடிமன் உள்ள கறுப்பு ஓடுகள். மேலே கொட்டை எழுத்தில் ‘ஷாக் ப்ரூஃப்’ என்று போட்டிருக்கிறது. கமிட்டியில் பலருக்கும் பிடித்துப்போயிற்று. பார்க்க அழகாக இருக்கும், மின்வாகனம் என்றாலே பயப்படுகிறவர்களுக்கும் ஒரு ஆறுதல்.

அந்த ஆறுதல்தான் என்னை உறுத்தியது. ஏனென்று சொல்கிறேன்.

நம் பேஸ்மென்ட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு மேல் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். சார்ஜ் போட்டுவிட்டு மேலே போய்த் தூங்கிவிடுகிறோம். விடியற்காலை வண்டியிலிருந்து கன்னை எடுத்து, வயரைச் சுருட்டி மாட்டி, அடுத்த வண்டிக்குப் போடுவது செக்யூரிட்டி. மழைக்காலத்தில் அவர் ஷூவைக் கழற்றி நாற்காலி அடியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பதை நானே பார்த்திருக்கிறேன். ஈரத் தரை, ஈரக் கை. வண்டிக்குச் சொந்தக்காரர் லெதர் செருப்பு போட்டுக்கொண்டு பகலில் தொடுவதும் இவர் தொடுவதும் ஒன்றல்ல. நாம் வாங்கும் மேட் யாரைக் காப்பாற்ற வேண்டும் என்று கேட்டால், முதலில் அவரை. அடுத்து, நம் எலக்ட்ரீஷியனையும் பம்ப் ஆபரேட்டரையும்.

இப்போது ரப்பருக்கு வருவோம். பல்பு மாற்றும்போது ‘ரப்பர் செருப்பு போட்டுக்கோ’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அதனால் ரப்பர் என்றால் மின்சாரம் போகாது என்று மனதில் பதிந்துவிட்டது. நான் மூன்று வருடம் மார்த்தாண்டம் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் ஷீட் காயப் போட்டிருப்பார்கள். பாலை உறைய வைத்து, உருளையில் கொடுத்து நசுக்கி, புகையில் உலர்த்திய ஷீட். வெளிச்சத்தில் பிடித்தால் தேன் நிறத்தில் இருக்கும். கறுப்பாக இருக்காது. நமக்குத் தெரிந்த கறுப்பு ரப்பர் கறுப்பாவது கார்பன் ப்ளாக் என்ற கரித்தூளைச் சேர்ப்பதால். டயர் தேயாமல் உழைக்க வேண்டும் என்பதற்காக அதைச் சேர்க்கிறார்கள். கரி மின்சாரத்தைக் கடத்தும். எந்தக் கரி, எவ்வளவு என்பதைப் பொறுத்து, ரப்பரின் மின்தடுப்புத் திறன் குறைந்துகொண்டே போகும். ஆக, டயரை அரைத்துச் செய்த ஓடு ‘ரப்பர்தானே’ என்பதற்காகவே ஷாக் அடிக்காது என்று சொல்ல முடியாது. அதற்குள் என்னென்ன கலவை இருக்கிறது என்று செய்தவருக்கே தெரியாது. எத்தனையோ கம்பெனி டயர்கள் ஒன்றாக அரைபட்டிருக்கும்.

இன்னொன்று, அந்த ஓடு அடர்த்தியான ரப்பர் இல்லை. துகள்களைப் பசை போட்டு அழுத்தியது. ரவா உப்புமா கெட்டியானதைக் கிண்ணத்தில் கவிழ்த்த மாதிரி, நடுவில் பொடிப்பொடியாக இடைவெளி இருக்கும். ஜிம்மில், குழந்தைகள் விளையாடும் இடத்தில், மழைத் தண்ணீர் இறங்கிப் போக அந்த இடைவெளி நல்லது. நம் இடத்தில் அதுவே வினை. தண்ணீர் உள்ளே இறங்கித் தரைவரை போய்விட்டால், 12 மில்லிமீட்டர் என்ன, 25 மில்லிமீட்டராக இருந்தாலும் காலுக்கும் தரைக்கும் நடுவே ஈரப் பாதை கிடைத்துவிடும். (கறுப்பு நிறத்திலேயே தரச் சான்றுள்ள மின்காப்பு மேட்டும் வருகிறது. நிறத்தை வைத்து மட்டும் எதையும் தள்ளவும் வேண்டாம், கொள்ளவும் வேண்டாம்.)

சரி, தரமான மேட்டையே போட்டுவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். அது என்ன செய்யும்? சார்ஜ் ஏறும் வண்டியின் உடலிலோ சார்ஜர் பெட்டியிலோ ஏதோ கோளாறால் மின்சாரம் கசிகிறது. நீங்கள் தொடுகிறீர்கள். கை வழியாக வந்து கால் வழியாகத் தரைக்குப் போக வேண்டிய பாதையை மேட் அடைக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. ஒரு கை வண்டியில், இன்னொரு கை ஈரத் தூணிலோ பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குழாயிலோ இருந்தால் மின்சாரம் மார்பு வழியாகவே போய்விடும். காலடியில் இருக்கும் மேட் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. ஒரு கால் மேட்டில், ஒரு கால் வெளியே என்றாலும் அதே கதிதான்.

அதனால் மேட்டுக்கு முன்னால் இரண்டு விஷயம் வேண்டும். எர்த்திங் ஒன்று, ஆர்சிசிபி இன்னொன்று. எம்சிபி இருக்கிறதே என்று பி பிளாக் நண்பர் கேட்டார். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தால் விளங்கும். நம் பிளக் பாயின்ட்டுகளில் இருக்கும் எம்சிபி 16 ஆம்பியர். அதாவது 16,000 மில்லிஆம்பியர். மனிதரைக் காக்க வைக்கும் ஆர்சிசிபி இறங்க வேண்டியது 30 மில்லிஆம்பியர் கசிவுக்குள். ஏழு வாட் பல்பு எடுக்கும் மின்சாரம் ஏறத்தாழ அவ்வளவுதான். அதைப்போல ஐந்நூறு மடங்குக்கு மேல் போனால்தான் எம்சிபி ஓவர்லோடு என்றே நினைக்கும். அது வயரைக் காப்பாற்ற வந்தது, நம்மைக் காப்பாற்ற வந்ததல்ல.

எர்த் நன்றாக இருந்தால், வண்டியின் உடலுக்கு மின்சாரம் வந்த அந்த நொடியே எர்த் வயர் வழியாக ஓடும், ஆர்சிசிபி இறங்கிவிடும். யாரும் தொட வேண்டிய அவசியமே இல்லை. எர்த் அறுந்திருந்தால் மின்சாரம் வண்டியிலேயே காத்துக்கொண்டிருக்கும். முதலில் வந்து தொடுகிற ஆள்தான் எர்த்! அப்போதும் ஆர்சிசிபி இறங்கலாம், ஆனால் ஒருவர் உடம்பு வழியாக மின்சாரம் போன பிறகு.

மத்திய மின்சார ஆணையம் மின்வாகன சார்ஜிங்குக்கென்றே 2019-ல் பாதுகாப்பு விதிகளைச் சேர்த்தது. அதில் நமக்கு வேண்டியதை மட்டும் சொல்கிறேன். ஒவ்வொரு சார்ஜிங் பாயின்ட்டுக்கும் தனி சர்க்யூட் இருக்க வேண்டும். சாக்கெட் தரையிலிருந்து குறைந்தது 800 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். கசிவு காக்கும் சாதனம் 30 மில்லிஆம்பியருக்கு மேற்படாததாக, குறைந்தபட்சம் ‘ஏ’ டைப்பாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் கூடாது.

இந்த ‘ஏ’ டைப் விஷயத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீட்டில் சாதாரணமாகப் போடுவது ‘ஏசி’ டைப். வண்டிக்குள் ஏசி மின்சாரம் டிசியாக மாறுகிறது. அதனால் கசிவிலும் டிசி கலந்து வரலாம். அந்த மாதிரி கசிவைச் சாதாரண ‘ஏசி’ டைப் சரியாகக் கண்டுபிடிக்காமல் போகலாம். ஆர்சிசிபியின் முகப்பில் ஒரு சின்னக் கட்டத்தில் படம் இருக்கும். அலைக்கோடு மட்டும் இருந்தால் ‘ஏசி’. அலைக்கோட்டுக்குக் கீழே திமில் திமிலாக மேடுகள் வரைந்திருந்தால் ‘ஏ’. நம் பேஸ்மென்ட்டில் எலக்ட்ரீஷியனோடு போய்ப் பார்த்தேன். கார் பாயின்ட் பதினான்கில் ஒன்பதில்தான் ‘ஏ’ டைப் இருக்கிறது. நாலில் ‘ஏசி’ டைப். ஒன்றில் ஆர்சிசிபியே இல்லை, வெறும் எம்சிபி. பிளாட் எண்ணை இங்கே சொல்ல வேண்டாம் என்று செயலாளர் சொன்னார், சொல்லவில்லை. அவருக்குத் தனியாகத் தெரிவித்தாயிற்று.

இதைவிட எனக்குக் கவலை தந்தது வேறு. சில சார்ஜர்கள் எர்த் சரியில்லை என்றால் சிவப்பு விளக்கு காட்டி, சார்ஜ் ஏற்றவே மறுத்துவிடும். அது நல்ல குணம். அந்த விளக்கை அணைப்பதற்காக பிளக்குக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துவிடும் வித்தை ஒன்று இருக்கிறது. அதற்கென்று குட்டி அடாப்டர்களும் கிடைக்கின்றன. சார்ஜர் ஏமாந்து பச்சை காட்டும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் வண்டியின் உடல் முழுக்க லைவ் ஆகிவிடும். யாரிடமாவது அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து இன்றே எடுத்துவிடுங்கள். எர்த் பிட்டைச் சரிசெய்வது சங்கத்தின் பொறுப்பு, உங்கள் செலவில்லை. கோடையில் நம் எர்த் பிட்டுகள் காய்ந்து கிடப்பதும் இதற்கு ஒரு காரணம் என்கிறார் எலக்ட்ரீஷியன். வருடத்துக்கு ஒருமுறை அளந்து எழுதி வைக்க ஒரு நோட்டு போட்டிருக்கிறோம்.

இதெல்லாம் சரியான பிறகு, மேட் வாங்குவோம். எதை வாங்குவது?

நம் நாட்டில் மின்காப்பு மேட்டுக்கென்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது. எண் ஐஎஸ் 15652, ஆண்டு 2006. அதற்கு முன்னால் 1969-ஆம் ஆண்டின் ஐஎஸ் 5424 இருந்தது. நம் எல்டி பேனல் அறையில் தடித்த கறுப்பு மேட் ஒன்று கிடக்கிறதே, அது அந்தப் பழைய காலத்து வகை. புதிய தர நிர்ணயத்தில் ‘ஏ’ வகுப்பு மேட் 2 மில்லிமீட்டர் தடிமன், 3.3 கிலோவோல்ட் வரை வேலை செய்யும் இடத்துக்கு. ‘பி’ வகுப்பு இரண்டரை மில்லிமீட்டர், 11 கிலோவோல்ட். ‘சி’ வகுப்பு 3 மில்லிமீட்டர், 33 கிலோவோல்ட். நம் சார்ஜிங் இடத்தில் இருப்பது 230 வோல்ட். எல்டி பேனலில் 415 வோல்ட். ஆக ‘ஏ’ வகுப்பே தாராளம். விற்பவர் ‘சார், சேஃப்டிக்காக சி கிளாஸ் போட்டுக்கலாம்’ என்று விலையை ஏற்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இரண்டு மில்லிமீட்டர் என்றதும் கமிட்டியில் ஒரு அம்மா சிரித்துவிட்டார். ‘பன்னிரண்டு மில்லிமீட்டர் வேண்டாம், ரெண்டு போதும் என்கிறீர்களே, தோசைக்கல்லைவிட மெல்லிசா இருக்கே’ என்றார். தடிமன் கண்ணுக்குத் தெரிகிறது, சோதனை தெரிவதில்லை. இந்த இரண்டு மில்லிமீட்டரின் மேல் ஆயிரக்கணக்கான வோல்ட் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். எண்ணெய், அமிலம், காரம் பட்டால் என்ன ஆகிறது, தீ பட்டால் என்ன ஆகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். அந்தப் பன்னிரண்டு மில்லிமீட்டர் ஓட்டை மின்சாரத்துக்காக யாரும் சோதிக்கவே இல்லை.

எப்படித் தெரியும் என்றால், நான் கேட்டேன். கொட்டேஷன் கொடுத்தவர் ‘டெஸ்ட் சர்டிபிகேட் இருக்கு சார்’ என்று ஒரு தாளை அனுப்பினார். நல்ல முத்திரை, நல்ல கையெழுத்து. படித்தால், அது வழுக்குமா என்ற சோதனை. மின்சாரம் என்ற சொல்லே அதில் இல்லை. இன்னொருவர் அனுப்பிய தாளில் மின்சோதனை இருந்தது. ஆனால் அதில் எழுதியிருந்த பொருளின் பெயரும் கொட்டேஷனில் இருந்த பெயரும் வேறுவேறு. யார் என்று சொல்லி யாரையும் சங்கடப்படுத்த விரும்பவில்லை. கவுண்டரில் உட்கார்ந்து செக் பார்த்தவர்களுக்கு இது பழகிய விஷயம். தேதி, பெயர், எண்ணிலும் எழுத்திலும் தொகை, கையெழுத்து. இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் பணம் தர மாட்டோம். மேட்டுக்கும் அப்படித்தான். சான்றிதழில் ஐஎஸ் 15652 என்ற எண், வகுப்பு, தொகுதி எண், தேதி நான்கும் இருக்க வேண்டும். அதே விவரம் வந்திறங்கும் மேட்டின் மேலேயே அச்சாகி இருக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை இருந்தால் அதனோடு ‘சிஎம்/எல்’ என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற செயலியை உங்கள் செல்போனில் இறக்கிக்கொண்டு அந்த எண்ணைப் போட்டால், எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு, உரிமம் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். மேட் மட்டுமல்ல, வீட்டுக்கு வாங்கும் மிக்ஸி, வயர், ஹெல்மெட் எல்லாவற்றுக்கும் இது உதவும். கடையில் நின்றபடியே பார்க்கலாம்.

எங்கே விரிப்பது என்பதும் முக்கியம். வண்டிக்குக் கீழே வேண்டவே வேண்டாம். கார் ஒன்றரை டன் கனத்தில் ஸ்டியரிங்கை நின்ற இடத்திலேயே திருப்பும்போது மேட் கிழியும், சுருண்டுவிடும். ஸ்கூட்டரின் ஸ்டாண்டு கதை இன்னும் மோசம். அத்தனை கனமும் ஒரு ரூபாய் நாணயம் அளவு இடத்தில் இறங்கும். ஒரு மாதத்தில் மேட்டில் பொத்தல். பொத்தல் விழுந்த மின்காப்பு மேட் வெறும் மிதியடி. ஆள் நிற்கும் இடத்தில், சார்ஜர் பெட்டிக்கு முன்னால் தொடங்கி வண்டியின் சார்ஜிங் மூடிவரை, ஒரு மீட்டருக்கு இரண்டு மீட்டர் போதும். பதினான்கு இடத்துக்கு 28 சதுர மீட்டர். டூவீலர் வரிசைக்குச் சாக்கெட் சுவரை ஒட்டி ஆறு மீட்டர் நீளத்தில் ஒரு பட்டை, அது 6 சதுர மீட்டர். மொத்தம் 34. கொட்டேஷனில் இருந்த 175-ல் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை.

தண்ணீர் விஷயம் நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அன்று பேஸ்மென்ட்டில் முழங்கால் அளவு நின்றது. தண்ணீர் நிற்கும்போது மேட்டின் மேல் நின்றாலும் தரையில் நின்றாலும் ஒன்றுதான். அப்போது செய்ய வேண்டியது மேலே மெயினை அணைப்பது. மேட்டை நம்பி யாரும் உள்ளே இறங்கக் கூடாது. சாதாரண மழை நாளில்கூட ஈரக் குடையை மேட்டின் மேல் விரித்து வைப்பவர்கள் இருக்கிறோம். குடைக்கு ஒரு வாளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

வழுக்கலைப் பற்றி நிறையப் பேசத் தேவையில்லை. மேல்பக்கம் சொரசொரப்பாகவோ கோடு கோடாகவோ இருக்கும் மேட் போதும். ஆனால் ஓரத்தைக் கவனிக்க வேண்டும். நம்மில் வாக்கர் வைத்து நடப்பவர்கள் இருக்கிறார்கள், சக்கர நாற்காலி இரண்டு இருக்கிறது. தடித்த ஓடு போட்டால் ஓரத்தில் இடறும். இரண்டு மில்லிமீட்டர் மேட்டில் அந்தத் தொல்லை குறைவு. ஆணி அடித்து நிறுத்தலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். ஆணி இரும்பு. அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டோம்.

நெருப்பு பற்றி பலர் கேட்டீர்கள். ரப்பர் தளம் போட்டால் பேட்டரி தீப்பிடித்தாலும் பரவாது என்று எங்கோ கேள்விப்பட்டதாக ஒருவர் சொன்னார். லித்தியம் பேட்டரியில் உள்ளே கோளாறாகி ஒரு செல் சூடேறித் தீப்பிடித்தால் அடுத்த செல்லுக்குத் தாவும். பல நூறு டிகிரி வெப்பம். ரப்பர் எரியும் பொருள். ‘ஃப்ளேம் ரிட்டார்டன்ட்’ என்று போட்டிருந்தால் சின்னச் சுடரை எடுத்தவுடன் தானே அணைந்துவிடும் என்று பொருள். பேட்டரித் தீயில் அது தாக்குப்பிடிக்காது. டயர் எரிந்து பார்த்திருப்பீர்கள், அந்தக் கறுப்புப் புகை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே ஒரு சரிவுப் பாதையும் இரண்டு படிக்கட்டும் உள்ள பேஸ்மென்ட்டில் 175 சதுர மீட்டர் டயர் ரப்பரைப் பரப்பி வைப்பது, எரிவதற்கு நாமே விறகு அடுக்கி வைத்த மாதிரி. வண்டிக்கு அடியில் வெறும் கான்கிரீட் தரைதான் நல்லது. சார்ஜிங் இடத்தின் மூலையில் அடுக்கி வைத்திருக்கும் பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, கொலுப் படி எல்லாவற்றையும் மாத இறுதிக்குள் எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். கொலுப் படி என் வீட்டுடையதும் ஒன்று இருக்கிறது, முதலில் அதைத்தான் எடுக்கிறேன்.

அடுத்து, நம் ஒர்க்‌ஷாப் அறை. எலக்ட்ரீஷியன் பம்ப் மோட்டாரைப் பிரிப்பார், ஞாயிற்றுக்கிழமை பையன்கள் சைக்கிளையும் பைக்கையும் பிரிப்பார்கள். அங்கே தரையில் எண்ணெயும் கிரீஸும் பெட்ரோலும் சிந்தும். இயற்கை ரப்பரும் சாதாரண எஸ்பிஆர் ரப்பரும் எண்ணெய் பட்டால் ஊதிப்போகும், கொழகொழவென்று ஆகும். நைட்ரைல் என்ற வகை எண்ணெய்க்கு நன்றாகத் தாங்கும். இபிடிஎம் என்ற வகை வெயில் மழையைத் தாங்கும், எண்ணெய்க்கு ஆகாது. அதனால் பைக் பிரிக்கும் பக்கத்துக்கு நைட்ரைல். வெளியே சரிவுப் பாதையில் வழுக்காமல் இருக்கப் பட்டை போடுவதாக இருந்தால் இபிடிஎம். எலக்ட்ரீஷியனின் மேசைக்கு முன்னால் அதே ஐஎஸ் 15652 மேட். எல்டி பேனலுக்கு முன்னாலும் அதுவே. அங்கே விரிசல் விட்ட பழைய மேட்டை எடுக்க வேண்டிய காலம் கடந்துவிட்டது. பேனலுக்கு முன்னால் மின்காப்பு மேட் இருப்பது விதிப்படியும் கட்டாயம். காரில் என்ன போடுகிறோம் என்று யோசித்த அளவுக்கு அந்த அறையை நாம் யோசிக்கவே இல்லை, அங்கே தினமும் நிற்பவர் ஒருவர் இருக்கிறார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் ‘ஆன்ட்டி ஸ்டேட்டிக் மேட்’ என்று நீல நிறத்தில் ஒன்று காட்டுவார்கள். அது சர்க்யூட் போர்டு ரிப்பேர் பார்க்கும் மேசைக்கு. உடம்பில் சேரும் நிலைமின்சாரத்தை மெல்ல வடித்துவிடுவதற்காகச் செய்தது, அதாவது மின்சாரத்தைக் கொஞ்சம் கடத்த வேண்டும் என்பதற்காகவே செய்தது. பெயரைக் கேட்டால் ஷாக்கைத் தடுப்பது போல் இருக்கும். நமக்கு வேண்டியது அதற்கு நேர் எதிர். ‘ஆன்ட்டி ஃபடீக்’ என்று மெத்து மெத்தென்று இருப்பது கால் வலிக்கு. செக்யூரிட்டி அறையில் போடலாம், பேனல் முன்னால் வேண்டாம்.

பராமரிப்பு சுலபம். சோப்புத் தண்ணீரில் துடைத்துக் காய விட்டால் போதும். எண்ணெய்க் கறை போகிறது என்று நம் ஹவுஸ்கீப்பிங் பெண்கள் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் பழக்கம் உண்டு, மேட்டுக்கு அது ஆகாது. அவர்களிடம் நானே சொல்லிவிட்டேன். எடுத்து வைக்கும்போது மடிக்காமல் சுருட்ட வேண்டும். மடித்த இடத்தில்தான் முதலில் விரிசல் விடும். மாதம் முதல் தேதி எலக்ட்ரீஷியன் ஒவ்வொரு ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனையும் அழுத்துவார். அன்றே மேட்டைத் திருப்பிப் போட்டுப் பொத்தல், வெட்டு இருக்கிறதா என்று பார்த்து நோட்டில் கையெழுத்துப் போடுவார். காலையில் ஐந்து நிமிடம் சார்ஜிங் நின்றால் கோபிக்க வேண்டாம்.

கமிட்டியின் முன் இப்போது இருக்கும் தீர்மானம் இதுதான். 175 சதுர மீட்டர் கொட்டேஷனைத் திருப்பி அனுப்புவது. ஐந்து பாயின்ட்டுகளில் ‘ஏ’ டைப் ஆர்சிசிபி மாற்றுவது, எர்த் பிட் மூன்றையும் சரிசெய்து அளப்பது. அவை முடிந்து அளவு நோட்டில் ஏறிய பிறகு, சார்ஜிங் இடத்துக்கு 34 சதுர மீட்டரும், எல்டி அறைக்கும் எலக்ட்ரீஷியன் மேசைக்கும் தேவையான அளவும், ‘ஏ’ வகுப்பு மேட் வாங்குவது. செக்யூரிட்டிகளுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் என்று சி பிளாக் அம்மா ஒருவர் சேர்க்கச் சொன்னார், சேர்த்துவிட்டோம். மூன்று கம்பெனிகளின் மேட் துண்டுகள் அலுவலகத்தில் மேசை மேல் இருக்கின்றன. கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள், அச்சைப் படித்து எண்ணைச் செயலியில் போட்டுப் பாருங்கள். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு எலக்ட்ரீஷியன் பேஸ்மென்ட்டில் இருப்பார். தங்கள் பாயின்ட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்க விரும்புகிறவர்கள் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வரலாம்.